இரவல் எண்

சின்னவள் வாங்கித் தந்த ஹீட்டிங் பேடை மாமியார் முதுகுக்கு அடியில் விரித்துப் படுத்த நாளிலிருந்து பெரியவளுக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்கவில்லை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாம்பல் நிறம், பூனைக்குட்டியைத் தொட்டது போல மெத்தென்ற துணி, ஓரத்தில் ஒரு பொத்தான். சின்னவள் செல்போனில் தேடிப் பிடித்து வரவழைத்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் மாமியார் அதைப் பற்றியே பேசினார். "சின்னவ வாங்கிக் கொடுத்தா. இடுப்பு வலி போன இடம் தெரியல." போன வருஷம் பெரியவள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய கால் பிடித்துவிடும் இயந்திரம் கட்டிலுக்கு அடியில் தூசி குடித்துக்கொண்டிருந்தது. அது கிச்சுகிச்சு மூட்டுகிறதாம்.

பெரியவளுக்கு மின்சாதனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விற்பனைக்கு வரும் பொருள்களில் தரமுத்திரை, பதிவு எண், தயாரித்தவர் முகவரி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பிரிவு. முத்திரையை ஈரத் துணியால் ஒருமுறை, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை தேய்ப்பார்கள், அழியக் கூடாது. அலுவலகத்தில் அவள் கண்ணுக்கு நல்ல மரியாதை. வீட்டில் அந்தக் கண்ணைச் சின்னவள் வாங்கிய சாமான்கள் மீது மட்டுமே ஏவியதால் மரியாதை போய்விட்டது. முடி உலர்த்தியின் முத்திரையில் எழுத்து கோணல் என்றாள். மேசை விளக்கில் முகவரி இல்லை என்றாள். கெட்டிலைப் பார்த்து, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்றாள். அது இன்றுவரை சமர்த்தாக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் அவளுக்கு ‘செக்போஸ்ட்’ என்று பட்டப்பேரே வைத்துவிட்டான்.

"அண்ணி, பார்சல் வந்திருக்கு. பிரிக்கலாமா, செக்போஸ்ட்ல நிறுத்தணுமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அதிகமாகச் சிரிப்பது அவளுடைய கணவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெரியவள் பேடைப் புரட்டினாள். முத்திரை இருந்தது. அளவு சரி, எழுத்து நேர். ஈரத் துணியால் தேய்த்தாள். அலுவலகத்திலிருந்து சின்னப் புட்டியில் கொண்டுவந்திருந்த ஸ்பிரிட்டாலும் தேய்த்தாள். அசையவில்லை. அழுகை முட்டியது. கடைசியாகப் பதிவு எண்ணைச் செல்போனில் அடித்து, பதிவான பொருள்களின் பட்டியலில் தேடினாள். எண் உண்மையானதுதான். ஆனால் அது வேறு யாரோ தயாரிக்கும் மேசை மின்விசிறிக்குக் கொடுத்த எண்.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மாட்டிக்கொண்டாள் மகராசி. விற்றவன் யாருடைய எண்ணையோ இரவல் வாங்கி ஒட்டியிருக்கிறான். அப்படியானால் இதை எந்தக் கூடத்திலும் யாரும் சோதித்ததில்லை; சூடு மீறினால் தானாக அணையுமா என்று பார்த்ததில்லை. பேடின் பிளக்கை மாட்டி, பொத்தானை அழுத்திவிட்டு, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு இடம் மட்டும் கையை வைக்க முடியாமல் சுட்டது. வந்த சந்தோஷம் அத்தோடு போனது. மாமியார் வலி மாத்திரை போட்டுக்கொண்டு இதன்மேல்தான் தூங்குகிறார். மாத்திரை போட்டால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

குளித்து வந்ததும் சொன்னாள். "அத்தை, அந்தப் பேடு வேணாம். அதுல இருக்கற நம்பர் ஃபேனோடது."

"ஃபேன் நம்பரா இருந்தா என்ன? காத்தா வருது? நல்லாத்தானே சுடுது."

"நடுவுல ஒரு இடம் ரொம்ப சுடுது அத்தை."

"அங்கதாம்மா எனக்கு வலியே."

கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "கெட்டில் இன்னும் வெடிக்கல" என்றான்.

பெரியவள் சமையலறைக்குப் போனாள். சின்னவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேடை நீயே எடுத்துடு. நான் சொன்னா எடுபடல."

"எப்படிக்கா எடுபடும்? நான் ஊசி வாங்கினாக்கூட அதுல ஓட்டை இருக்குன்னு சொல்ற ஆளு நீங்க."

"சொல்வேன்தான். இதைப் பாரு."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை வாங்கினாள். தன்னுடையதிலும் எண்ணை அடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"பொறாமையில சொல்லலையே?"

"பொறாமை இருக்கு. நிறையவே இருக்கு. அது தனி, இது தனி."

சின்னவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நான் என்ன சொல்லணும்?" என்றாள்.

"நீயே தேடிக் கண்டுபிடிச்சதா சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

எண் எங்கே இருக்கிறது, எங்கே தேட வேண்டும், யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். தன் இலையில் இருந்ததைத் தானே எடுத்து அவள் இலையில் பரிமாறுவது போலிருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது சின்னவள் பேசினாள். சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே பேசினாள். "அக்கா சொன்னப்ப நான் நம்பல அத்தை. நானே தேடிப் பாத்தேன்" என்று ஆரம்பித்து, செல்போனைக் காட்டி, மாமியாரின் கையைப் பிடித்து முடித்தாள். கொழுந்தன் புருவத்தை உயர்த்தினான். அக்காதான் கண்டுபிடித்தார் என்று எங்காவது ஒரு வார்த்தை வருமா என்று பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை.

"நீயே சொல்லிட்டா சரிதான், எடுத்துடு" என்றார் மாமியார். பெரியவளிடம் திரும்பினார். "நீயும்தான் காலைல என்னமோ சொன்ன. இவளை மாதிரி பக்குவமா சொல்லத் தெரியுதா?"

"நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன் அத்தை" என்றாள் சின்னவள்.

பெரியவள் எழுந்தாள். திருப்பி அனுப்பினால் விற்றவன் அதைத் துடைத்து வேறொரு வீட்டுக்கு அனுப்புவான், எத்தனை பார்த்திருக்கிறாள். கட்டிலில் கிடந்த பேடின் பிளக்கைப் பிடுங்கினாள், கத்தரிக்கோலை எடுத்தாள், ஒயரை வெட்டினாள். வெட்டியதில் வேண்டியதற்கு மேல் கொஞ்சம் பலம் இருந்தது அவளுக்கே தெரிந்தது.

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சின்னவ வாங்கின சாமான்னா வெட்டிப் போடறதுல எவ்வளவு சந்தோஷம் பாரு இவளுக்கு."

பெரியவள் கத்தரிக்கோலோடு நின்று சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மாமியாரைப் பார்த்தாள். திறந்த வாய்க்குள் ஒரு கவளம் போனது.