ஊர் வாங்கிக்கொண்ட வலி

எழுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து சங்கரன்கோவிலில் ஆண்களுக்கும் பிரசவ வலி வருகிறது. ஊர் எல்லைக்குள் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிற அத்தனை பெரியவர்களும் ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும், பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவர்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி தாசில்தார், தறிக்காரர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது.

அந்த வருஷம் மழை இல்லை, வரியும் ஒழுங்காக வசூலாகவில்லை. ஊர் நிர்வாகம் கூடி, எதையெல்லாம் நிறுத்தலாம் என்று பார்த்தது. செலவு குறைப்பதற்கு நெல் மில் வைத்திருந்த சங்கரசுப்புவைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை; தன் வீட்டிலேயே இரண்டு விளக்கு எரிந்தால் ஒன்றை அணைக்கிற ஆள், அவ்வளவுதான். பூங்காவில் சாயங்காலம் செய்தி சொல்லிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். பால்வாடிக் கஞ்சியை நிறுத்தினார். தண்டோரா போட்டு ஊருக்குச் சேதி சொல்லிவந்த கருத்தப்பாண்டியை நிறுத்தினார். கடைசியாகப் பிரசவ விடுதியைப் பூட்டி, மருத்துவச்சி சுந்தரம்மாளுக்கு ஒரு ரோஜா மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார். மாலைக்கான செலவை அவரே ஏற்றுக்கொண்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து ஆடித்தபசு வந்தது. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தபசு நிற்கிற காலம் அது. கொடியேறியதும் சனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு சுற்றும் அம்மனின் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்வதாக ஐதீகம். சுற்றத் தொடங்கும்போது, தாயே உன் வலியில் எனக்குப் பங்கு கொடு என்று கேட்டுவிட்டுத்தான் கால் எடுத்து வைப்பார்கள். சுந்தரம்மாளும் வருஷா வருஷம் அப்படிக் கேட்டவர்தான். அந்த வருஷம் அவர் மனசெல்லாம் பூட்டிய விடுதியிலேயே கிடந்தது. இனி இந்தப் பிள்ளைத்தாய்ச்சிகள் எங்கே போவார்கள் என்று நினைத்தபடியே, தாயே, இவளுக வலியில் இந்த ஊருக்குப் பங்கு கொடு என்று கேட்டுவிட்டார். மூன்றாவது சுற்றில்தான் மாற்றிக் கேட்டது நினைவுக்கு வந்திருக்கிறது. கேட்டதைத் திரும்ப வாங்குவது முறையில்லை என்பதால் மிச்சச் சுற்றையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

முதல் வலிக்கான பழியை ஊர் பிரியாணியின் மேல் போட்டது. இரண்டாவது வலிக்குத் தண்ணீர்த் தொட்டியின் மேல் போட்டது. மூன்றாவது முறை விசைத்தறிகளெல்லாம் ஒரே நேரத்தில் நின்று, சலூன்காரர் சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து, தாலுகா ஆபீஸில் பாதிக் கையெழுத்தில் பேனா உருண்டபோது, மேலத் தெருவில் ஒரு குழந்தை வீறிட்டது. அத்தனை பேருக்கும் வலி விட்டது. அதன்பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொஞ்ச நாளில் பழகியும் போனது. பேருந்து ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். டாக்கீஸில் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார்கள். இடுப்பு எந்தப் பக்கமாக இழுக்கிறதோ அந்தப் பக்கத்துத் தெருவில் பிரசவம் என்று கண்டுபிடித்தார்கள். ரேடியோவும் தண்டோராவும் இல்லாத ஊருக்கு அதுவே உள்ளூர்ச் செய்தியானது. வலி விட்டதும் பக்கத்துத் தெருவில் இருந்தெல்லாம் கருப்பட்டியும் பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்தும் வெந்நீருமாக வந்து நிற்பார்கள். தானும் கொஞ்சம் பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் எப்படி இருப்பது? பால்வாடிக் கஞ்சியைக்கூட அந்தத் தெருக்காரர்களே முறை வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த சுந்தரம்மாளுக்குச் சம்பளம் இல்லையே தவிர, அவர் வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

தப்பிக்கிறவர்களும் இருந்தார்கள். எல்லைக் கல்லைத் தாண்டினால் வலி தொடாது. ஆள் குறைந்தால் இருப்பவர்களுக்குப் பங்கு கூடும். சங்கரசுப்புவிடம் ஒரு அம்பாசிடர் கார் இருந்தது. இடுப்பில் லேசாகச் சுருக்கென்றாலே ராஜபாளையம் ரோட்டில் ஏறிவிடுவார். நாலு வருஷமும் அவர் ஒரு முழு வலியை அனுபவித்ததில்லை. ஊரும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பேசியது, கோபப்படவில்லை.

எழுபத்தொன்பதில் அன்னக்கிளி உண்டானாள். பனவடலிசத்திரத்துப் பெண், தறி ஓட்டுகிற சண்முகையாவின் மனைவி. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம். ஊருக்குப் பங்கு வருவதற்கு முந்திய காலத்தில் இரண்டு பிள்ளைகளை வலி தாங்க முடியாமல் மயங்கிக் கிடந்தே பறிகொடுத்தவள். மூன்றாவது வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றில் நின்றுவிட்டது. ஊரில் இருந்தால் வலி பத்தோடு பதினொன்றாகப் போய்விடும் என்ற தைரியத்தில்தான் அவள் அதைச் சுமந்தாள். சித்திரைக் கடைசியில் பிறக்கும் என்று சுந்தரம்மாள் சொல்லியிருந்தார்.

பங்குனி உத்திரத்தன்று காலையிலேயே வலி கண்டுவிட்டது. பங்குனி உத்திரம் என்றால் இந்தச் சீமையில் ஒரு குடும்பமும் வீட்டில் இருக்காது. அவரவர் குல சாஸ்தா கோயிலுக்குப் பானையும் அரிசியுமாக முந்தின நாளே கிளம்பிப் போயிருப்பார்கள். வாசுதேவநல்லூர்ப் பக்கம், சிவகிரி மலையடிவாரம், காட்டுக்குள், குளத்தங்கரையில் என்று ஆளுக்கொரு திக்கு. ஊரில் மிஞ்சியது முஸ்லிம் தெருக்களும், நடமாட முடியாத சிலரும், சுந்தரம்மாள், கருத்தப்பாண்டி மாதிரி கோயிலுக்குப் போகாத ஒன்றிரண்டு பேரும்தான். வெளியே போன அத்தனை பேர் பங்கும் அவர்கள் தலையில் விழுந்தது. டீக்கடை மைதீன் பாட்சா பாய்லரை அணைத்துவிட்டுப் பெஞ்சில் படுத்தார். மகபூப் பீவி வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். ஒருவர்கூட எல்லையைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது. அப்படியும் அன்னக்கிளியின் பங்கு அவள் நெஞ்சுக்கு அதிகமாகத்தான் இருந்தது. உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்ததைச் சுந்தரம்மாள் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஆள் வேணும். ஆள் வந்தாத்தான் இவ பிழைப்பா" என்றார்.

கருத்தப்பாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பரணில் இருந்த பறையை இறக்கினார். சைக்கிளில் ஏறி எல்லைக் கல்லைத் தாண்டியதும் அவருக்கு வலி விட்டது. அவர் பங்கும் சேர்ந்து உள்ளே இருப்பவர்கள் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும். அதனால் நிற்காமல் மிதித்தார். ரோட்டோரம் எங்கே பொங்கல் புகை தெரிந்ததோ அங்கேயெல்லாம் நின்று அடித்தார்.

"அன்னக்கிளிக்கு வலி கண்டுட்டு. ஊர்ல ஆள் இல்ல. வெரசா உள்ள வாங்க, மக்கா."

பால் பொங்கிய பானை பொங்கியபடியே லாரியில் ஏறியது. மாட்டுவண்டிகள் திரும்பின. வலிக்கு முன்னால் ஊரை விட்டு வெளியே போகிற பஸ்கள்தான் நிறைந்து போகும் என்பது நாலு வருஷ வழக்கம். அன்றைக்கு உள்ளே வருகிற பஸ்களில் படிக்கட்டில் தொங்கினார்கள். பனவடலிசத்திரத்தில் அவள் பிறந்த தெரு மொத்தமும் கிளம்பியது. சங்கரசுப்புவின் காரை ரோட்டில் மறித்த கருத்தப்பாண்டி பறையை ஒரு தட்டுத் தட்டினார். சங்கரசுப்பு பின் சீட்டில் நாலு கிழவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, எல்லைக்குள் நுழைந்ததும் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். பிறகு தட்டுத்தடுமாறி டீக்கடைப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்.

"இப்படியா இருக்கும்?" என்று கேட்டார்.

"இதுவே ஆயிரத்துல ஒரு பங்குதான், அண்ணாச்சி. இப்பம் ஆள் வந்துட்டாவ. காலைல எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் மைதீன் பாட்சா. கொஞ்சம் நகர்ந்து அவருக்குப் படுக்க இடம் கொடுத்தார்.

உச்சி வெயிலுக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. ஊருக்கு வலி விட்டது. அன்னக்கிளி கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள். தெரு முழுக்கப் பொங்கல் பானைகள் இருந்தன.

அடுத்த பட்ஜெட்டில் பிரசவ விடுதியைத் திறக்கச் சொல்லி முதலில் எழுந்து பேசியவர் சங்கரசுப்புதான். பணம் வந்து சேர எண்பத்திரண்டு ஆகிவிட்டது. புது நர்ஸ் வந்தார், கட்டிலுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். வலி பகிர்வது மட்டும் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால், பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டதும், அன்னக்கிளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நன்றி சொல்லப் போனாள். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை. மகபூப் பீவி, "நாங்க என்ன செஞ்சோம், வீட்ல இருந்தோம்" என்றார். சங்கரசுப்பு மில்லின் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். சொல்ல வந்த நன்றியைச் சொல்லி முடிக்காமலே வீடு திரும்பினாள். ராத்திரி சோறு இறங்கவில்லை என்று சண்முகையாவிடம் சொல்லி அழுதாள்.

அந்த வாரமே ஒரு காலையில், உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது, அவள் இடுப்பில் சுருக்கென்றது. தறியை நிறுத்திவிட்டுச் சண்முகையா ஓடி வந்தான்.

"பிள்ளையக் குடு. சைக்கிள்ல ஏறு. கல்லுக்கு அந்தப்பக்கம் விட்டுட்டு வாரேன். உன் நெஞ்சு தாங்காது."

"எங்கயும் வரல" என்றாள். "அன்னைக்கு எனக்காவ எத்தன பேரு வாங்குனாவ. இது என் பங்கு. எனக்கு வேணும்."

சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. ஊரோடு சேர்ந்து அவளும் மூச்சை இழுத்து விட்டாள். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. வலி விட்டதும் எழுந்தாள். சோறு குழைந்து போயிருந்தது. இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆணா பெண்ணா என்று கேட்கப் போனாள்.