இழை அறாத தறி

சிவப்புத்துணி சுற்றிய விளக்கின் பக்கத்தில் படம் விழுந்த கண்ணாடித் தகட்டைப் பிடித்துப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்குச் சலித்துப்போயிற்று. நேற்று எடுத்த படத்திலும் ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டிரண்டாக விழுந்திருந்தது. கோடாக இழுபட்டிருந்தால்கூடத் தன் கை தடுமாறிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது அப்படியில்லை. யாரோ வந்து தொலைநோக்கிக் குழாயைத் தோளால் இடித்துவிட்டுப் போனதுபோல ஒரே தாவல்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த மறுவருஷம் அது. சீமைக்குக் கப்பலேறப் போன இன்ஜினீயர் ஒருவர் சாமான்களை ஏலம் விட்டபோது மற்றவர்கள் நாற்காலியும் கட்டிலும் எடுக்க, இவன் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு குமாரபாளையம் வந்து சேர்ந்தான். வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மானத்துக் கிறுக்கன் என்று தறிக்காரர்கள் பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டுமே, பேருக்கென்ன பஞ்சம். தறிக்கொட்டகைச் சுவரை ஒட்டிச் செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் குழாயை நிறுத்தினான். பக்கத்தில் பூட்டிய சின்னக் குழாய்க்குள் பட்டு இழையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, இழைகள் கூடுகிற இடத்தில் ஒரு நட்சத்திரத்தை வைத்து, அது விலகாதபடி திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தால் தகட்டில் படம் விழும். நெசவுக்காரனுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன.

தாவலுக்குக் காரணம் தேடி அவன் கைவைக்காத இடமில்லை. அடிக்கண்ணாடி தளர்ந்திருக்கும் என்று அதன் பிடிகளை முடுக்கினான். தகட்டுப் பெட்டியை நூலால் இறுக்கிக் கட்டினான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் அவன் மனைவி பூவாத்தாள் தறியில் உட்கார்ந்திருந்தால் நட்சத்திரம் தாவியது. அவள் சோறாக்கப் போய்விட்டால் அசையாமல் நின்றது.

"பூவாத்தா, செத்த நிறுத்து" என்பது அன்றிலிருந்து அந்த வீட்டில் தினப்பேச்சாயிற்று. முதலில் சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டு நிறுத்தினாள். "நீங்க தாலி கட்டினது எனக்கா, நட்சத்திரத்துக்காங்க?" என்றும் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. "ஏனுங்க, தறிக்குழிக்குள்ள கால வெச்சா அடியில இருந்து சில்லுனு காத்து வருதுங்க. முன்னெல்லாம் இப்படி இல்ல."

"அந்த ஈரந்தானே நமக்குச் சொத்து" என்றான் அவன், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொத்துதான். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் இழை அறுந்து தவிக்கும்போது இவர்கள் தறியில் மட்டும் அறாது. அவனுடைய அப்பனின் யோசனை அது. கொல்லையில் கிடந்த பழங்கிணற்றைத் தூர்த்தால் குலமே தூர்ந்துபோகும் என்று பயந்து, வாய்க்குக் குறுக்கே பனங்கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணைக் கொட்டி மூடிவிட்டார். அந்த ஈரத்தை வீணாக்குவானேன் என்று அதன்மேலேயே தறிக்குழியையும் வெட்டினார். பாவத்துக்குப் பாவமும் இல்லை, நூலுக்கு நூலும் அறவில்லை.

படத்தில் நட்சத்திரம் எப்போதும் கொட்டகைப் பக்கமாகவே நழுவியது. அப்படியானால் குழாய் எதிர்ப்பக்கம், வேலிப்பக்கம் சாய்கிறது என்று கணக்குப் போட்டு, தூணுக்கு அந்தப்பக்கம் கருங்கல்லை முட்டுக்கொடுத்தான். தாவல் முன்னைவிடப் பெரிதாயிற்று.

அன்று பொழுது சாய்ந்த நேரம், குழாயின் பார்வையைத் தெளிவாக்கிக்கொள்ள அதைச் சங்ககிரி மலைப்பக்கம் திருப்பினான். மலை உச்சி கீழே தொங்க, அடிவாரம் மேலே நின்றது. இந்தக் குழாயில் எல்லாமே தலைகீழ்தான், பார்க்க வருகிறவர்களிடம் அவனே சொல்லிச் சிரிக்கிற சங்கதி. இன்று சிரிப்பு வரவில்லை. படத்தில் கொட்டகைப் பக்கம் நழுவினால் வானத்தில் வேலிப்பக்கம் நழுவுகிறது என்று அர்த்தம். அப்போது தூண் சாய்வது வேலிப்பக்கம் அல்ல. தறிப்பக்கம்.

அவன் திருகிலிருந்து கையை எடுத்தான். தறி அதிர்ந்து குழாய் ஆடியிருந்தால் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒருநாளும் திரும்பவில்லையே. பனங்கட்டை எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்? தூணையும் சேர்த்துத் தறிக்குழி கிணற்றுக்குள் இறங்குகிறது.

"பூவாத்தா, நிறுத்து."

"இன்னிக்கு ஆகாதுங்க. விடிஞ்சாச் சந்தை. உங்க நட்சத்திரம் நாளைக்கும் அங்கயேதான் இருக்கும்." தறிச் சத்தம் ஓயவில்லை.

சுவரைச் சுற்றி ஓடினான். கொட்டகை வாசலில் கால் தயங்கி நின்றது. விட்டத்திலிருந்து கம்பியில் தொங்கிய விளக்கு நேராகத்தான் தொங்கியது. அதன் பக்கத்தில் தறிக்கால்தான் கோணியிருந்தது. ஓடிப்போய் அவளை இழுக்கலாமென்றால் தன் பாரமும் அங்கே சேருமே என்று பயந்தான்.

"நட்சத்திரத்துக்கு இல்ல, சாமி" என்றான். "கால மெதுவா மேல எடு, சாமி."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவன் அவளை இப்படிக் குழந்தையைக் கொஞ்சுவதுபோலச் சாமி என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லுக்குத்தான் அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு காலை எடுத்து மேலே வைத்தாள். ஊடைநூல் ஓட்டும் நாடாக்கட்டை அவள் கையிலிருந்து நழுவி, நூலை இழுத்துக்கொண்டு குழிக்குள் விழுந்தது.

முழங்கால் ஆழக் குழி. நாடா விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவன் வாசலில் குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவளும் நீட்டினாள். அப்புறந்தான், வெகு கீழே, தண்ணீரில் நாடா விழுகிற சத்தம் வந்தது.