இடைவிடாமல்

1
இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, மனுவாகப் பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரி, புருஷனை இழந்து காகித உறை ஒட்டிப் பிழைப்பவள், ஒரு படிவத்தோடு வந்தாள்.

"அக்கா, உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும். எழுதிக் குடுங்க."

மாமியார் போய்ச் சேர்ந்து பதினைந்து நாள். அரசு வாடகைக் குடியிருப்பு, மாமியார் பேரில். விதிப்படி, பத்து வருடம் 'இடைவிடாமல்' கூடவே இருந்து பராமரித்தவருக்குத்தான் வீடு. இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

2
முதல் தொடக்கம்: "அன்னாரின் மருமகளாகிய நான், பத்தாண்டுகளாக இடைவிடாமல்..."

(இங்கேயே பேனா நின்றது. வீட்டைத் தன் மகனுக்குக் கேட்கும் கொழுந்தன், 'ஆறாம் வருடம் மூன்று நாள் அண்ணி அங்கே இல்லை' என்று மறுப்பு கொடுத்திருக்கிறான். வாஸ்தவம். கர்ப்பப்பையை எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.)

3
கொழுந்தனைக் கொஞ்சம் நல்லவனாக எழுதப் பார்த்தேன். "அவனுக்கும் ஆயிரம் கஷ்டம்..." தூ! அடித்துவிட்டேன். நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவன். அவனை மாடிப்படியில் மடக்கினேன்.

"அந்த மூணு நாள் உங்கம்மாவை யாருப்பா பாத்தது?"

"சட்டத்துல இடைவிடாமன்னு போட்டிருக்கு. நான் என்ன பண்ண?"

"பத்து வருஷமா இடைவிடாம வராம இருந்தியே, அதுக்கு என்ன தருவாங்க?"

(வாயடைத்துப் போனான் என்று எழுத ஆசை. சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.)

4
"அந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டார் கண்ணும் கருத்துமாக..."

பொய். பக்கத்து வீடு நான்தான். படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாருக்கு இரண்டு வேளை சோற்றுத் தட்டு வைத்தேன். விரிப்பை மாற்றவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தேன். ஆறாத வயிற்றோடு வந்து, குனிய முடியாமல் முட்டி போட்டு, அவள்தான் அதை உருவினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5
"மூணு நாளை விட்டுடலாமாடி?"

"வேணாங்க்கா. எழுதுங்க. வயித்தை அறுத்துக்கிட்டதை நான் ஏன் மறைக்கணும்?"

வீடு கிடைத்தது என்று ஒரு முடிவு எழுதினேன். அவன் சிரிப்புதான் காதில் விழுந்தது. கிடைக்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை.

மனுவில் 'இடைவிடாமல்' என்றே போட்டேன். கீழே மூன்று நாளையும், விரிப்பையும், என் மூக்கையும் எழுதினேன். இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். முதல் சாட்சி நான். இன்னொரு சாட்சிக்கு எல்லாக் கதவையும் தட்டியாயிற்று. "நமக்கெதுக்கு வம்பு?" என்கிறார்கள். நாளை கடைசி நாள்.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்.

சாட்சி இரண்டு: ....................