கிழமை சொல்லும் வாட்ச்

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட்டில் ஞாயிறும் வேலை நாள்தான். சுதாராணிக்குக் கிழமை குழம்பிவிடும். முன்பெல்லாம் காலை டீயோடு கணவர் மாதேஷ் கிழமையும் தேதியும் சொல்லிவிடுவார். ஆடியில் அவர் இறந்த பிறகு, செவ்வாய்தோறும் ஒன்று மட்டும் விழுங்க வேண்டிய மூட்டுவலி மாத்திரையை ஒரே வாரத்தில் இரண்டு தடவை விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, டாக்டரிடம் திட்டும் வாங்கினாள். அதனால்தான் ஏற்காடு கடைவீதியில் தஸ்லீமாவின் வாட்ச் கடைக்கு வந்திருந்தாள்.

“இந்தத் தங்கக்கலரு உங்க கைக்கு நொம்ப எடுப்பா இருக்குதுங்கக்கா.”

“செடிக்குள்ள கைய உட்டா ரெண்டே நாள்ல பல்லக் காட்டிரும் கண்ணு. மழைக்குத் தாங்கோணும், கிழமை பெருசாத் தெரியோணும்.”

தஸ்லீமா கெட்டிக் கண்ணாடி போட்ட ஸ்டீல் வாட்ச் ஒன்றை எடுத்துத் தன் தண்ணீர் டம்ளரிலேயே போட்டாள். சற்று நேரம் கழித்து எடுத்து, துடைத்து, சுதாராணியின் கையில் கட்டினாள். “இப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க, இன்னிக்கு என்னங்க?”

“செவ்வாய். பதினெட்டு.” மாதேஷ் சொல்வதைப் போலவே சொன்னாள். இருபத்தாறு வருஷம் தனக்கு வாட்சே தேவைப்படாமல் வைத்திருந்த மனிதரை நினைத்து அவளுக்கு மனம் நிறைந்தது. முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையைப் பிரித்து, டம்ளரைக் கையில் எடுத்தாள்.

“ஐயோ அக்கா, அது வாட்ச் குளிச்ச தண்ணி! இருங்க, வேற தாரேன்.”