ஆம்புரோஸின் காதோரப் பால்

உயிர்த்த ஞாயிறு கழிந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு, புந்தோங்கில் ஆம்புரோஸின் வலது காதுக்குப் பின்னாலிருந்து ரப்பர் பால் வடிய ஆரம்பித்தது. சீழாக இருக்குமோ என்று குனிந்து பார்த்த அவர் மனைவி இருதயமேரி, ஒரு சொட்டை விரலில் தொட்டு இழுத்தாள், நூலாக நீண்டது. கல்யாணத்துக்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஆறு வருடம் பால்மரம் வெட்டியவளுக்கு அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. காலி பால்டின் ஒன்றைக் கழுவிக் காதுக்குக் கீழே வைத்துவிட்டு, கோப்பிக்குத் தண்ணீர் போட்டாள்.

ஆம்புரோஸ் நான்கு வருடத்துக்கு முன் செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் மேலிருந்து விழுந்தவர். உடம்பு போனது, பேச்சும் போனது, இமை மட்டும் மிஞ்சியது. அப்புறம் ஒரு கம்பெனி தேடிக்கொண்டு வந்து, ஐம்பது காசு அகலத்தில் ஒரு வில்லையை மண்டைக்குள் பதித்து, மயிரைவிட மெல்லிய கம்பிகளை மூளைக்குள் இறக்கி, கட்டிலோரம் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனது. அவர் நினைப்பதை அவருடைய பழைய குரலிலேயே பெட்டி சொல்லும் என்றார்கள். சொன்னது, அதில் குறை சொல்ல முடியாது. முதலில் சொன்னது, "மேரி, நாலு வருசமா கோப்பியில சீனி பத்தல." இருதயமேரி குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். பிறகு இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து சண்டை போட ஆரம்பித்தார்கள். அதைவிடப் பெரிய சுகம் அந்த வீட்டுக்கு வேறு வந்ததில்லை.

பால் வடிவதைக் கேட்டதும் கம்பெனி ஆள் கோலின் வந்தான். சுத்தமான சட்டை, சுத்தமான நகம், முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை. வில்லை பதிக்கும்போது கைரேகை வைத்த ஒப்பந்தத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இதெல்லாம் இருக்கிறதாம். மனுசன் நினைப்பில் கசிகிற பால், கம்பெனிக்குச் சொந்தம். அதை உறைய வைத்து ஷீட்டாக்கி வெளிநாட்டு இயந்திரங்களுக்குக் கொடுத்தால் அவை மனுசனைப்போல நினைக்கப் பழகும். டின்னில் ஒரு கோடு போட்டான். ஏழு நாள் தொடர்ந்து கோட்டுக்குக் கீழே நின்றால் பெட்டியின் லைனை அறுத்துவிடுவார்கள்.

"பால் நின்னா பேச்சும் நின்னுருமா?" என்றாள் இருதயமேரி.

"பாலிசி அப்படி லா, ஆண்ட்டி."

"தொரமாரு போயிட்டாங்கன்னு நெனச்சேன். சட்டை மாத்தப் போயிருக்காங்க போல."

கோலின் சிரித்தான். அவனுக்குப் புரியவில்லை.

திறப்புவிழா நடந்தது. பேசுகிற மனிதனுக்குத் திறப்புவிழா எதற்கு என்று கேட்கிற அளவுக்கு ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. பேனரில் உள்ளூர் அரசியல்வாதி டத்தோ கனகராஜின் முகம் கதவகலம் இருந்தது; ஆம்புரோஸின் முகம் இடம் பற்றாமல் புருவத்தோடு நின்றது. மாலையைப் பெட்டிக்குப் போட்டார்கள். குறுக்கே பேசிவிடப் போகிறதென்று பெட்டியை அணைத்தும் வைத்தார்கள். "நமது இனத்தின் மூளை இன்று உலக மூளையோடு கைகுலுக்குகிறது" என்று டத்தோ முழங்கி, கரண்டிக் கோப்பி தவிர எதையும் விழுங்க முடியாதவர் வாயில் கேக்கைத் திணித்துப் படம் எடுத்துக்கொண்டார். இருதயமேரி விரலைவிட்டுத் தோண்டி எடுத்தாள். டத்தோ ஆம்புரோஸின் தலையைத் தடவினார். தடவிய கையை, படம் எடுப்பவர் திரும்பியதும், கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்தார். அந்த நேரத்தில் பால் பொங்கி, டின் நிரம்பி, தலையணை நனைந்து, டத்தோவின் காலணியில் சொட்டியது.

கோலின் குச்சிவிட்டுப் பார்த்தான். அவ்வளவு கெட்டியான பால் கம்பெனி கண்டதில்லை. பாசத்துக்கும் ஜெபத்துக்கும் நீர்ப்பால்தான் வருகிறது, அருவருப்புக்குத்தான் கெட்டிப்பால் இறங்குகிறது என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டத்தோவை வரவழைத்தார்கள். ஒரு தடவை வந்தால் ஒரு வாரம் தாங்கியது. தான் இல்லாமல் அந்த நோயாளி பிழைக்க மாட்டார் என்று டத்தோ மேடைதோறும் சொன்னார். இருதயமேரிக்கு விஷயம் தெரியும். தோட்டத்தில் மரம் வற்றினால் பட்டையைச் சுரண்டி ஒரு மருந்து பூசுவார்கள், பால் கொட்டும். அந்த மருந்துக்கு டத்தோ பட்டம் யாரும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். சிந்திய பால் மத்தியானத்தில் காய்ந்து ஒட்டுப்பால் நாற்றம் நாறி, சந்து முழுக்க நின்றது. முதல் மாதம் மூக்கைப் பொத்தியவர்கள் இரண்டாம் மாதம் அதே நாற்றத்தில் உட்கார்ந்து மீன்கறி சாப்பிட்டார்கள்.

முப்பத்தொரு செவ்வாய்க்கிழமை வந்த டத்தோவுக்குக் கோலாலம்பூரில் ஒரு நாற்காலி கிடைத்தது. அதன்பின் அவருக்குப் புந்தோங் எந்தத் திசை என்பதே மறந்துபோனது. பால் கோட்டுக்குக் கீழே இறங்கியது. கோலின் பழைய பேச்சுகளைத் திரையில் போட்டுக் காட்டினான், ஆம்புரோஸ் தூங்கிவிட்டார். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வந்தான். அரை டின் வந்தது, கோட்டைத் தொடவில்லை; பேச்சாளரும் திரும்பி வரவில்லை. ஆறாம் நாள் சாயந்திரம் பெட்டி சொன்னது:

"விட்டுரு மேரி. பேசுனவரைக்கும் போதும்."

"ஒங்களுக்குப் போதும். எனக்கு இன்னும் பாதிச் சண்டை பாக்கியிருக்கு."

ஏழாம் நாள் காலை அவள், வெளியூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுப்போன வெள்ளை ஜிப்பாவை மாட்டி, டத்தோவைப்போலவே கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலருகே வந்து நின்றாள். பெட்டி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, முப்பத்தொரு தடவை கேட்ட பேச்சை உலக மூளைவரை ஒரு வார்த்தை தவறாமல் ஒப்பித்தாள். டின் காய்ந்தே கிடந்தது. கடைசியில் கையை நீட்டி அவர் தலையைத் தடவினாள். பிறகு கைக்குட்டையை எடுத்து, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, விரல் விரலாகத் துடைத்தாள்.

பால் கொட்டியது. கோட்டையும் தாண்டியது.

"மேரி, அத மட்டும் செய்யாத."

"அது இல்லாம வராதுங்க."

பெட்டி "சரி" என்றது.

அவள் மருந்து ஒரு நாளைக்குத்தான் தாங்குகிறது. அதனால் தினமும் காலை ஆறரைக்கு அந்த வீட்டுக்கு டத்தோ வருகிறார். கோலின் டின்னை எடுத்துப் போகிறான், ஜிப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. அந்தப் பாலைத் தின்று வளர்ந்த வெளிநாட்டு இயந்திரங்கள், கேட்டதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கையைத் துடைத்துக்கொள்கின்றனவாம். கையில்லாத இயந்திரம் எதைத் துடைக்கும் என்று புந்தோங்கில் யாரும் கேட்கவில்லை. டத்தோ போனதும் இருதயமேரி ஜிப்பாவை ஆணியில் மாட்டி, இரண்டு கையையும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். அப்புறம் கோப்பி கலக்கிக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறாள். இன்றைக்கும் சீனி பத்தவில்லை என்கிறது பெட்டி.