குறுக்குக் கோடு போட்ட ஏழு

டிரம்லேன்–கில்டவன் தொகுதி மொத்தமே நான்கு வருடம்தான் உயிரோடு இருந்தது. அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் யாரோ வரைபடத்தில் கோடு கிழித்து, ஆற்றின் இரண்டு கரைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கால்பந்தில் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு மாவட்டங்கள்! அந்தத் தொகுதி கண்டது ஒரே ஒரு தேர்தல். அங்கே ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள்; வேட்பாளர் பெயர்களுக்கு நேராக விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவதுதான் ஓட்டு. அதன் கடைசி இடத்துக்கு இந்தக் கரை மலாக்கி டார்ப்பிக்கும் அந்தக் கரை நர்ஸ் அட்ராக்டா கீலனுக்கும் இழுபறி.

மலாக்கி இரண்டு முறை தோற்றவன். பதினொரு வருடமாக நாடாளுமன்றப் பதவிக்காக நாயாய் அலைந்தவன். மறு எண்ணிக்கையில் ஒரே ஓட்டில் முன்னால் இருந்தான். எண்ணும் மேசைக்கு முன்னால், தடுப்புக் கட்டைமேல் சாய்ந்து அவனுக்காகத் தாள்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் அக்கா டிம்ப்னா.

"நில்லுங்க! அந்தத் தாள் எங்களது இல்ல" என்றாள் திடீரென்று.

ஊழியருக்கு எரிச்சல். "உங்க தம்பி பேருக்கு நேரா ஒண்ணுன்னு போட்டிருக்கேம்மா!"

"அது ஏழு. நடுவுல குறுக்குக் கோடு இருக்கு பாருங்க. நர்ஸ் பேருக்கு நேரா, தலையில கொக்கி வச்சு இருக்கே, அதான் ஒண்ணு. பிரான்ஸ்ல அப்படித்தான் எழுதுவாங்க."

மலாக்கி சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அந்தத் தொகுதியிலேயே பிரான்ஸில் ஒன்பது வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவள் டிம்ப்னா ஒருத்திதான்; அது அவளே போட்ட ஓட்டு. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவனும் ஜெயித்திருப்பான், அவள் குட்டும் வெளிப்பட்டிருக்காது.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நர்ஸின் ஓட்டுக் கட்டோடு சேர்த்தார். மலாக்கி ஒரே ஓட்டில் தோற்றான்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டான். "ஏழாவதா அக்கா? கூடப் பொறந்தவனைக் கடைசியிலயா போட்டே?"

"கடைசி இல்லடா. எட்டுப் பேர் நின்னாங்க."

"அப்புறம் எந்த மூஞ்சியோட எனக்காகத் தடுப்புக்கிட்ட வந்து நின்னே?"

"தம்பியாச்சேன்னு வந்தேன். ஓட்டு வேற விஷயம். அவ உன்னைவிட நல்லா வேலை செய்வா."

அவனுக்குக் கோபம் பொங்கியது. இப்படி ஒருத்தி தன் அக்காவாக இருக்கிறாளே என்று பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் அவனை இன்னும் எரிச்சலாக்கியது.

அடுத்த தேர்தலுக்குள் தொகுதியை அழித்துவிட்டார்கள். இரண்டு கரைகளும் அதனதன் மாவட்டத்தோடு போய்ச் சேர்ந்தன. புதுத் தொகுதியில் மலாக்கி மறுபடி நின்றான். எண்ணிக்கைக்கு ஆள் தருகிறோம் என்று கட்சிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவன் நேரே டிம்ப்னா வீட்டுக்குப் போனான்.

"தடுப்புக்கிட்ட நீதான் நிக்கணும் அக்கா."

"என் ஓட்டு உனக்குத்தான்னு கனவு காணாதே."

"ஓட்டை யாரு கேட்டா? நீ வந்து நில்லு, போதும்."