ஹரி அடித்த காற்று

சட்டை, வேட்டி எல்லாம் கொடுத்தாயிற்று. கட்டிலைப் பிரித்து பிரஸ் ஆட்களில் ஒருவருக்குக் கொடுத்தார்கள், அதற்கும் சொர்ணலட்சுமி வாயைத் திறக்கவில்லை. சுவர்க் கொக்கியில் தொங்கும் சைக்கிளில் மட்டும் யாரையும் கை வைக்க விடவில்லை. சைக்கிளுக்காகக்கூட இல்லை, அதன் இரண்டு டயருக்குள்ளும் இருந்த காற்றுக்காக. மகன் ஹரிபிரசாத் அடிபடுவதற்கு முந்தின நாள் தன் கையால் அடித்து வைத்த காற்று அது.

ஹரி சிவகாசியில் அப்பாவின் காலண்டர் பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளோடு கிளம்பிவிடுவான். நல்ல ரோடு இருக்க, அவனுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வண்டிப்பாதையும் ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் தடமும்தான் பிடிக்கும். ஜல்லியில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளாம். விலையைக் கேட்டு அவன் அப்பா சீனிவாசகம் கொஞ்ச நாள் மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த டயருக்கு டியூப் கிடையாது. காற்றைக் குறைத்து ஓட்டினால்தான் ஜல்லியில் உடம்பு குலுங்காது, குறைத்தாலோ ரிம் கல்லில் இடித்து நெளிந்துவிடும். அதற்காக டயருக்குள்ளே வைக்க ஃபோம் வளையம் இரண்டு வரவழைத்தான். இன்செர்ட் என்று பெயர். அவசரக்குடுக்கை, அளவு பார்க்காமல் மலையில் ஓட்டும் தடித்த டயருக்கு உள்ளதை வாங்கிவிட்டான். திருப்பி அனுப்பச் சொன்னால் கேட்டானா? அம்மாவைக் கூப்பிட்டு டயரின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொல்லி, மறுபக்கம் முட்டியை ஊன்றித் திணித்தான்.

“இத மாட்டிட்டா எம்புட்டுக் கல்லுல அடிச்சாலும் ரிம்முக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இறுக்கிப் பிடிங்க.”

“பிடிக்கேன்லே. என் விரலச் சேத்து உள்ள வச்சிராத.”

மத்தியானம் முழுக்க அதுவே வேலை. கடைசியில் பம்பை வைத்து அடிக்க, டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி டப் டப்பென்று சத்தம் கேட்டது. பட்டாசு ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு யார் சும்மா இருப்பார்கள்? சீனிவாசகம் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

“ஏலே, வீட்டுக்குள்ள என்னத்தலே வெடிச்ச?”

அம்மாவும் மகனும் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம்தான் கூடியது.

மறுநாள் சாத்தூருக்குப் பேப்பர் லோடு பார்க்க ஸ்கூட்டரில் போனவனை லாரி அடித்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், அந்தச் சைக்கிள்தான் எமன், அப்பவே நினைத்தோம் என்று ஆளுக்கொரு வார்த்தை விட்டார்கள். சைக்கிள் இல்லை, ஸ்கூட்டர் என்று சொல்லச் சொல்ல அவர்கள் காதில் ஏறவே இல்லை. அந்த வாயில் மண் விழ.

அதிலிருந்து சொர்ணலட்சுமிக்குக் காலையில் முதல் வேலை இதுதான். விளக்கேற்றியதும் மாடியில் மகன் அறைக்குப் போய், முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். விரலை எதிர்த்து நிற்கும். இருக்கிறது. அதன் பிறகுதான் அடுப்படிக்குப் போக அவளுக்குக் கால் வரும். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அவன் வைத்தபடியே இருந்தது அது ஒன்றுதான்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு அவள் அண்ணன் மகன் மணிகண்டராஜ் விருதுநகரிலிருந்து வந்திருந்தான். ஹரியோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டினவன். சாப்பிட்டு எல்லாரும் கிளம்பிய பின் அவன் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“நீ ரெண்டு நாளைக்கொருக்க பம்பத் தூக்குவ. உன் மச்சான் அடிச்சத அமுக்கிப் பாரு. ஒரு வருசமாச்சு, எப்படி நிக்குது பாரு.”

மணி அமுக்கினான். இன்னொரு இடத்தில் அமுக்கினான். “ஆமாத்தை” என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது.

“ஏம்லே மூஞ்சி இப்படிப் போவுது?”

“ஒண்ணுமில்லத்தை. கீழ போவோமா?”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவள் விடுவாளா? வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“இதுல காத்து இல்லத்தை. எந்த டயரும் ஒரு வருசம் தாங்காது. உள்ள இருக்க ஃபோம்தான் உங்க விரல்ல தட்டுது. பெரிய டயருக்கு உள்ளதத் திணிச்சிருக்கான்ல, உள்ள நெறஞ்சு கெடக்கு. கொக்கியில தொங்குறதால சப்பவும் இல்ல.”

“வாயக் கழுவுலே” என்றாள். “தொறந்து காட்டு.”

“வேண்டாத்தை.”

“தொறலே.”

வால்வின் மூடியைக் கழற்றி, முனையைத் திருகித் தளர்த்தி அழுத்தினான். சொர்ணலட்சுமி காதைக் கொண்டுபோய் வைத்தாள். தெருவில் லோடு ஆட்டோ ஒன்று போகும் சத்தம் கேட்டது. வால்விலிருந்து ஒன்றும் வரவில்லை. பின் சக்கரத்தைக் காட்டினாள். அதிலும் ஒன்றுமில்லை.

“எப்பலே போச்சு?”

“அது சொல்ல முடியாதுத்தை. ஒரேயடியாப் போகாது, கொஞ்சங் கொஞ்சமாக் கசியும். ரெண்டு மூணு மாசத்துலயே போயிருக்கும்.”

அப்படியானால் தீபாவளியன்று அமுக்கிப் பார்த்தபோது இல்லை. அவன் பிறந்தநாளில் டயரில் நெற்றியை வைத்து அழுதபோது இல்லை. போன நாள்கூடத் தெரியாமல், தினமும் வெறும் ஃபோமைத் தொட்டுவிட்டு நிம்மதியாக இட்லி அவித்திருக்கிறாள். அழுகை வரவில்லை.

“பம்பு எங்கன இருக்கு? நான் அடிச்சு வச்சிட்டுப் போறேன்” என்றான் மணி.

“நீ அடிச்சு எனக்கு எதுக்குலே?” தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எடுத்துட்டுப் போயிரு. நீயே ஓட்டு. இதுலயும் அவன் இல்ல.”

மணி பக்கத்தில் வந்து குத்தவைத்தான். “விடுங்கத்தை.”

“மதுரையிலயும் இப்படித்தான மணி. நெஞ்சு ஏறி ஏறி எறங்கிச்சு. கை சூடா இருந்துச்சு. அதப் பிடிச்சிக்கிட்டு, பெழச்சிருவான்னு உங்க மாமாகிட்டச் சொல்லிக்கிட்டே கெடந்தேன். பெறகு டாக்டர் வந்து, மூச்சு விடுறது மிஷின்தாம்மா, உங்க பிள்ளை வந்தன்னைக்கே போயிட்டான்னு சொன்னாரு.”

கீழேயிருந்து சீனிவாசகம் காபி ஆறுகிறது என்று கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

“ரெண்டு தடவையும் கைய வச்சிக்கிட்டுத்தான்லே இருந்தேன். பெத்தவளுக்கு, ரெண்டு தடவையும் போனது தெரியலையே.”